எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின்: உடலும் உள்ளமும் தயாராவது எப்படி? மார்க்கமும் மருத்துவமும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, ரமளான் மூன்றாம் நாள். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தோம். பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒரு சகோதரர் கட்டிங் டேபிள் அருகிலேயே மயங்கி விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மருத்துவமனைக்குப் போனபோது அவர் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி அப்போதுதான் உண்மையைச் சொன்னார். நான்கு மாதங்களுக்கு முன்பு அவர் உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார். சொந்தக்காரர்களிடமும் கம்பெனியிலும் 'ஹெர்னியா ஆபரேஷன்' என்றே சொல்லியிருக்கிறார்கள். இந்த ஆண்டு நோன்பு வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தும் அவர் நோன்பு வைத்திருந்தார்.

"ஏன் பாய் இப்படிச் செய்தீங்க?" என்று கேட்டோம். அவர் மெல்லிய குரலில் சொன்னார்: "வயிறு பெருத்தவனுக்கு நோன்பு வைக்க என்ன கஷ்டம்னு போன ஜும்ஆவுல நீங்கதானே கேட்டீங்க ஹஜ்ரத். அதுக்கப்புறம் நான் எப்படி வைக்காம இருக்கிறது?"

நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மிம்பரில் நின்று, கேட்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன ஒரு வாக்கியம், ஒரு மனிதரை மருத்துவமனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டது. அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும், ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். இந்தச் சிகிச்சையை எதிர்நோக்கியிருப்பவர்களுக்கும், அவர்களுடைய வீட்டாருக்கும், நம்மைப் போன்ற இமாம்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

உடல் பருமன் ஒரு நோய்

2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். திருப்பூரில் இதன் காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. இடையில் சர்க்கரை தூக்கலாக டீ, பன், பஜ்ஜி. ஷிப்மென்ட் நெருங்கினால் தூக்கமும் கிடையாது. இரவு பத்து, பதினொரு மணிக்குப் புரோட்டா. முதலாளிக்கும் இதே கதைதான். அவருக்குக் கூடுதலாகப் பேமெண்ட் கவலை வேறு.

இவற்றோடு பரம்பரை, சுரப்பிகளின் கோளாறு, சில மருந்துகள், தூக்கக் குறைவு ஆகியவையும் சேர்கின்றன. பருத்தவர்கள் எல்லாரும் நஃப்ஸுக்கு அடிமையானவர்கள் என்று முடிவுகட்டுவது அறியாமை. அந்த அறியாமை நம்மிடமும் இருந்தது.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளும்படியும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்தது அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை, மூட்டுத் தேய்வு என்று உடலைச் சிதைக்கும் பருமனுக்கு, வேறு வழிகள் பலனளிக்காத நிலையில், தேர்ந்த மருத்துவரின் ஆலோசனைப்படி அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது அனுமதிக்கப்பட்டதே.

'இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஆகாதா?' என்று சிலர் கேட்கிறார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 119-ஆம் வசனம் கண்டிக்கும் மாற்றம், தேவையின்றிப் படைப்பைச் சிதைப்பது. நோயை நீக்குவதற்காகக் குடல்வாலை அகற்றுவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் நோய் ஏதுமின்றி, கல்யாணத்துக்குள் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் இவ்வளவு பெரிய அறுவைக்கு உடலை உட்படுத்துவது வேறு விஷயம். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அதில் கத்தி வைப்பதற்குத் தகுந்த காரணம் வேண்டும்.

என்ன செய்கிறார்கள்? யாருக்குச் செய்கிறார்கள்?

மருத்துவர்கள் இதைப் பேரியாட்ரிக் சர்ஜரி என்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-இல் இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கினார். இன்று பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகளிட்டு, லேப்ராஸ்கோப்பி முறையில் செய்கிறார்கள். இரண்டு முறைகள் அதிகம் வழக்கில் உள்ளன.

ஸ்லீவ் முறையில், இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி அகற்றப்பட்டு, மீதி ஒரு குழாய் போல ஆக்கப்படும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பைபாஸ் முறையில், ஏறக்குறைய 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பை ஒன்றை இரைப்பையின் மேற்பகுதியில் உருவாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரடியாக இணைப்பார்கள். உண்பதும் குறையும், உடலில் சேருவதும் குறையும்.

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. ஆசிய மக்களுக்குப் பி.எம்.ஐ. 37.5-க்கு மேல், அல்லது சர்க்கரை போன்ற துணை நோய்கள் இருந்தால் 32.5-க்கு மேல் என்பது நீண்ட காலம் பின்பற்றப்பட்ட அளவு. 2022-இல் இரு அறுவைச் சிகிச்சை அமைப்புகள், ஆசியர்களுக்கு 27.5 முதலே இதைப் பரிசீலிக்கலாம் என்று தளர்த்தின. பரிசீலிக்கலாம் என்பதற்கும் கட்டாயம் செய்ய வேண்டும் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. இப்போது எடையைக் குறைக்கும் வார ஊசிகளும் நம் நாட்டில் கிடைக்கின்றன. உங்களுக்கு எது பொருத்தம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே முடிவெடுங்கள்.

இதைச் சாதாரண ஆபரேஷனாக நினைத்துவிடக் கூடாது. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் இந்தச் சிகிச்சையின்போது உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அனுபவமுள்ள மையங்களில் இத்தகைய மரணம் அரிது. ஆனாலும் அந்த மருத்துவமனையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, பருத்த உடலுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்தவர் இருக்கிறாரா, உணவு ஆலோசகரும் மனநல ஆலோசகரும் குழுவில் இருக்கிறார்களா, அறுவைக்குப் பின் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. திருப்பூரிலிருந்து பலரும் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவைக்குத்தான் போகிறார்கள். விளம்பரத்தைப் பார்த்துப் போகாமல், விசாரித்துப் போங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

அறுவைக்கு முன்: உடலைத் தயார்படுத்துதல்

1. ஆபரேஷனுக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த உணவைத் தருவார்கள். கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைந்து அது சுருங்கினால்தான் அறுவை எளிதாகும். 'இனிமேல் சாப்பிட முடியாதே' என்று அந்த இரண்டு வாரத்தில் பிரியாணி விருந்து நடத்துவது, தன் ஆபரேஷனைத் தானே சிக்கலாக்கிக்கொள்வதாகும்.

2. பீடி, சிகரெட், புகையிலைப் பாக்கு அனைத்தையும் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே விட்டுவிட வேண்டும். புண் ஆறுவதை இவை தடுக்கும். பின்னாளில் குடலில் புண்ணை உண்டாக்கும். திரும்பவும் தொடங்கக் கூடாது.

3. சர்க்கரை, இதயம், தைராய்டு, குறட்டை ஆகிய சோதனைகள் அனைத்தையும் முடிக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தால், அதற்கான கருவியை முன்கூட்டியே பயன்படுத்தச் சொல்வார்கள்.

4. பழக்கங்களை முன்பே பழக வேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும் வரை மெல்லுதல், இருபது முப்பது நிமிடம் எடுத்து உண்ணுதல், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடித்தல், நாள்தோறும் நடத்தல். ஆபரேஷனுக்கு மறுநாள் திடீரென்று இவற்றைக் கற்றுக்கொள்ள முடியாது.

வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது திர்மிதியில் உள்ளது. 'அப்படியானால் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க வேண்டாமா?' என்று ஒருவர் கேட்டார். அந்த ஹதீஸின் உயிர் அளவோடு உண்பதில் இருக்கிறது. ஒரே வேளையில் நீரையும் குடித்தாக வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை. சிகிச்சை பெற்றவர் நீரை நேரம் தள்ளிக் குடிப்பதால் சுன்னத்துக்கு மாறு செய்தவராக ஆகமாட்டார்.

அறுவைக்கு முன்: உள்ளத்தைத் தயார்படுத்துதல்

இதைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால், 'எனக்கென்ன பைத்தியமா?' என்று கோபப்படுகிறார்கள். அந்த ஆலோசனை அதற்காக அல்ல. நீங்கள் எதற்காக உண்கிறீர்கள் என்பதைக் கண்டறிவதற்காக. சூப்பர்வைசர் எல்லார் முன்னிலையிலும் திட்டிய இரவு, புரோட்டா இரண்டுக்குப் பதில் ஐந்து உள்ளே போகிறது. அது வயிற்றுப் பசி அல்ல. மருத்துவர் இரைப்பையை வெட்டலாம், அந்த அவமானத்தை வெட்ட முடியாது. உணவில் தேடிய ஆறுதல் அடைபட்டுப் போனால், மனம் வேறொன்றைத் தேடும். சிலர் இனிப்பிலும், சிலர் புகையிலையிலும், சிலர் மதுவிலும் போய் விழுகிறார்கள். மது நமக்கு எப்போதுமே ஹராம். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அது இரத்தத்தில் மிக வேகமாக ஏறுவதால், அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது.

எதிர்பார்ப்பையும் சரியான அளவில் வைக்க வேண்டும். பொதுவாக ஸ்லீவ் முறையில் மொத்த எடையில் ஏறக்குறைய கால் பங்கும், பைபாஸ் முறையில் சற்றுக் கூடுதலாகவும் குறையலாம். 120 கிலோ இருப்பவர் 90 கிலோவுக்கு வந்தால் அதுவே நல்ல பலன். பத்திரிகை அட்டைப் படத்தில் வருபவர் போல ஆகிவிடுவோம் என்று நினைப்பவர் ஏமாந்து போவார். 2017-இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து, ஏறத்தாழ 500 கிலோ எடையோடு, மும்பை சைஃபி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட இமான் அஹ்மத் என்ற சகோதரியை நினைவிருக்கலாம். மார்ச் மாதம் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. பலன் எவ்வளவு என்பதில் குடும்பத்தாருக்கும் மருத்துவர்களுக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாடும் செய்தியானது. அதே ஆண்டு செப்டம்பரில் அபூதாபியில் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பல நோய்கள் சேர்ந்த உடலுக்கு ஓர் ஆபரேஷன் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பது அவர் வாழ்க்கையிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

கடைசியாக ஒன்று. கடன்களை எழுதி வைத்து, வஸிய்யத்தைத் தெளிவாக்கி, பெற்றோரிடமும் துணையிடமும் பொருத்தம் தேடிக்கொண்டு செல்லுங்கள். இது அச்சப்படுத்துவதற்காக அல்ல. எந்தப் பெரிய அறுவைக்கும் முன்பு ஒரு முஃமினின் உள்ளத்தை லேசாக்கும் காரியம் இது.

முதல் இரண்டு மாதங்கள்

பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உணவு படிப்படியாக வரும். முதலில் தெளிந்த நீர், வடிகட்டிய சூப். பிறகு மோர், பால், புரதப் பவுடர் கலந்த நீர்மம். அடுத்து மிக்ஸியில் அடித்த கூழ். அதன் பிறகு மென்மையான உணவு. சாதாரண உணவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நாட்கணக்கை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

நம் அடுப்படியிலேயே இதற்கானவை உண்டு. எண்ணெய் நீக்கி வடிகட்டிய ஆட்டுக்கால் சூப், குழைய வேகவைத்து அடித்த பாசிப்பருப்பு, காரமில்லாத நோன்புக் கஞ்சியின் தெளிவு, தயிர், வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன். புரதம் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். எனவே தட்டில் முட்டை, மீன், பருப்பு முதலில். சோறு கடைசியில். தண்ணீரைச் சிறு மிடறுகளாக, நாள் முழுக்க ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும்.

வலீமா வீடுகளில் 'இன்னும் ஒரு கரண்டி' என்று வற்புறுத்துவது நமது விருந்தோம்பல். இவருக்கு அந்த ஒரு கரண்டி வாந்தியாகவும் வலியாகவும் முடியும். 'பாரகல்லாஹ், போதும்' என்று சொல்லப் பழகுங்கள். விருந்து தருபவரும் அதோடு விட்டுவிட வேண்டும்.

இனிப்பு அதிகமாகப் போனால், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் வரும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ரோஸ் மில்க்கும் ஜிலேபியும் இவர்களுக்குத் தீங்கு.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், ஓயாத வயிற்றுவலி, காரணமில்லாமல் வேகமாகத் துடிக்கும் இதயம்: தையல் கசிவாக இருக்கலாம். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல்: இரத்தம் உறைந்திருக்கலாம். கறுப்பாக மலம் போவது: உள்ளே இரத்தப் போக்கு. நாள்கணக்கில் நிற்காத வாந்தி: தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றி, மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். இவற்றில் எதற்கும் ஓமத் தண்ணீரைக் கொடுத்துக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உள்ளூரில் வேறொரு டாக்டரிடம் போனாலும், இந்த ஆபரேஷன் நடந்திருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆயுள் முழுவதும்

பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மாத்திரையை நிறுத்தியவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் இரத்தச்சோகையோடும் கால் மரத்துப் போயும் வருகிறார்கள். தலைவலி, மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் பல, பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல்புண்ணை உண்டாக்கும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளின் அளவும் குறையும். பழைய அளவையே தொடர்ந்தால் மயக்கம் வரும். வேகமாக எடை குறைவதால் பித்தப்பையில் கல் உண்டாகலாம். அதைத் தடுக்க ஆறு மாதம் வரை மருந்து தருவதுண்டு.

மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி கொட்டும். பெண்கள் மிகவும் கலங்கிப் போகிறார்கள். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால், அல்லாஹ்வின் நாட்டப்படி முடி மீண்டும் வளரும். தோல் தொங்கி மடிப்புகளில் புண் வந்தால், அதைச் சீராக்கும் சிகிச்சை தீங்கை அகற்றுவதாகும். அதில் குற்றமில்லை.

தொழுகையும் சுத்தமும்

நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழலாம் என்ற அனுமதி, இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியில் வந்துள்ளது. முதல் சில வாரங்களில் ருகூவும் ஸஜ்தாவும் வயிற்றை அழுத்தி வலித்தால், சைகையால் செய்யலாம். ஸஜ்தாவுக்கு ருகூவை விடச் சற்று அதிகமாகக் குனிய வேண்டும். வலி நீங்கியதும் முழுமையான தொழுகைக்குத் திரும்பிவிட வேண்டும்.

காயங்கள் வயிற்றில் இருப்பதால் ஒளுவுக்குத் தடையில்லை. குளிப்புக் கடமையானால், கட்டின் மேல் ஈரக் கையால் மஸஹ் செய்து மற்ற உறுப்புகளைக் கழுவ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்மும் செய்வதும் சேரும். ஹனஃபி மத்ஹபில் வாய் நிறைய வாந்தி எடுத்தால் ஒளு முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது.

நோன்பு

அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் வரை நோன்பைத் தள்ளிப்போடும்படி மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துகிறார்கள். காரணம் எளியது. ஒரே நேரத்தில் அரை டம்ளர் தண்ணீரைக்கூடக் குடிக்க முடியாதவர், 13 மணி நேரம் வறண்டிருந்துவிட்டு, இரவுக்குள் நாள் முழுவதற்கும் தேவையான நீரையும் புரதத்தையும் உள்ளே செலுத்த முடியாது. அயர்ன் டேபிளிலும் பாய்லர் அருகிலும் நிற்பவருக்கு நிலைமை இன்னும் கடினம்.

அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்கள் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையைத் தருகின்றன. இவர் குணமாகும் நம்பிக்கை உள்ளவர். எனவே இவர் மீது களா உண்டு. ஃபித்யா கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. குணமாகும் நம்பிக்கையே இல்லை என்று நம்பத்தகுந்த மருத்துவர் சொன்னவருக்குத்தான் ஃபித்யா. ஹனஃபி மத்ஹபின்படி, ஃபித்யா கொடுத்த பிறகு நோன்பு நோற்கும் சக்தி வந்துவிட்டால் களா செய்ய வேண்டும்.

மருத்துவர் அனுமதித்த பிறகு நோற்பவர்கள், முதலில் வாரம் ஒரு நாள், இரண்டு நாள் என்று களா நோன்புகளை வைத்துப் பார்க்கலாம். குளிர்ந்த, பகல் குறைந்த மாதங்கள் இதற்கு ஏற்றவை. இஃப்தாரில் ஒரு பேரீச்சம்பழத்தை நன்றாக மென்று, இரண்டு மிடறு நீர். மக்ரிப் தொழுத பிறகு முட்டையோ சூப்போ. ஸஹரை விட்டுவிடக் கூடாது. பி12 ஊசி போடுவதால் நோன்பு முறியாது. தானாக வரும் வாந்தியாலும் முறியாது. தலைசுற்றல், படபடப்பு, சிறுநீர் கறுத்துப் போதல் ஆகியவை வந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும். அதனால் பாவம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் பிடிவாதமாகத் தொடர்வதுதான் குற்றம்.

மருந்தில் பன்றியின் கலப்பு

இதைப் பலரும் கேட்கிறார்கள். அறுவைக்குப் பின் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எனாக்ஸாபாரின் ஊசி, பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும் ஹெபாரினிலிருந்து தயாராகிறது. ஃபோண்டாபாரினக்ஸ் என்ற மருந்து விலங்குப் பொருளின்றிச் செயற்கையாகத் தயாரிக்கப்படுகிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். பொருந்தாது என்று அவர் சொன்னால், உயிரைக் காக்கும் நிர்பந்தத்தில் அந்த ஊசியைப் போட்டுக்கொள்வதில் தடையில்லை. அதை மறுத்து ஆபத்தை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

வைட்டமின் கேப்ஸ்யூல்களின் உறையில் ஜெலட்டின் இருக்கும். பொருள் முற்றிலும் மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்று கூறும் அறிஞர்கள் உள்ளனர். ஏற்காதவர்களும் உள்ளனர். இது ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியது என்பதால், மாத்திரையாகவோ தாவர உறை கொண்டதாகவோ கேட்டு வாங்குவது பேணுதலான வழி. கிடைக்கவில்லை என்பதற்காக வைட்டமினையே நிறுத்திவிடாதீர்கள்.

வேலையும் பணமும்

உட்கார்ந்த வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்பலாம். துணி ரோல் தூக்குவது, பண்டல் சுமப்பது போன்றவற்றைக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் தொடக் கூடாது. ஒன்றரை ஷிப்ட் வேண்டாம், சில மாதம் ஒரு ஷிப்ட் போதும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், தகுதிக் காலம் நிறைவேறியிருந்தால், மருத்துவச் சான்றுடன் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவி பெற முடியும். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி நடக்கும் குடும்பத்துக்கு இது பெரிய துணை.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிப்படி, 18 வயது நிறைந்து, மருத்துவரின் பரிந்துரையுடன், பி.எம்.ஐ. 40-ஓ அதற்கு மேலோ இருந்தால், அல்லது 35-ஓ அதற்கு மேலோ இருந்து இதயநோய், கடும் மூச்சுத் தடை, கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருந்து, வேறு வழிகள் பலனளிக்காமல் போயிருந்தால், இந்தச் சிகிச்சையை விலக்கு என்று காட்டித் தள்ளிவிட முடியாது. பாலிசியின் மற்ற நிபந்தனைகளையும் காத்திருப்புக் காலத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வட்டிக்கு வாங்கி ஆபரேஷன் செய்யாதீர்கள். தகுதியுள்ள ஏழை நோயாளிக்கு ஜகாத்திலிருந்தும் பைத்துல்மாலிலிருந்தும் உதவலாம். ஆபரேஷன் செலவோடு முடிவதில்லை. வைட்டமினும் பரிசோதனையும் மாதச் செலவாகத் தொடரும்.

இல்லறம்

எடை குறைந்ததும் பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. பல ஆண்டுகள் குழந்தையில்லாதவர்களுக்கு இது நற்செய்தி. ஆனால் முதல் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. தற்காலிகத் தடுப்புக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு. வாய்வழி மாத்திரை சரியாகச் சேராமல் போகலாம் என்பதால், வேறு முறையை மருத்துவரிடம் கேட்க வேண்டும். வருங்கால மருமகள் பற்றியும், மருமகள் பற்றியும் 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று கேட்பவர்கள் இதை அறிந்துகொள்ளட்டும்.

சுவீடனில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடையே மணமாகாதவர்கள் புதிதாகத் துணை தேடிக்கொள்வதும் கூடியது, மணமானவர்களிடையே பிரிவும் கூடியது என்று காட்டியது. உடல் மாறும்போது வீட்டின் சமநிலையும் அசைகிறது. மெலிந்த மனைவியைச் சந்தேகிக்கும் கணவர், மெலிந்த கணவர் மாறிவிட்டார் என்று அஞ்சும் மனைவி இருவரையும் நாமே சமரசப் பேச்சில் சந்தித்திருக்கிறோம். ஆபரேஷனுக்கு முன்பே இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்த்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மனம் சோர்ந்தால், எடை திரும்பினால்

முதல் ஆண்டு எடை இறங்கும் மகிழ்ச்சியில் போய்விடும். ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எடை நின்றுவிடும். சிலருக்குச் சற்று ஏறும். சுவீடனில் 1987-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நீடித்த ஆய்வும் இதைத்தான் காட்டியது. சிகிச்சை பெற்றவர்கள், பெறாத பருமனானவர்களை விட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே சற்று ஏறினால் 'எல்லாம் வீண்' என்று இடிந்துபோக வேண்டாம். மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள்.

சிலருக்கு மனச்சோர்வு ஆழமாகிறது. தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதும் மருத்துவம் அறிந்த ஆபத்துதான். இதை ஈமானின் குறை என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். துஆவும் திக்ரும் செய்யுங்கள். அதோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். அரசின் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

அந்தச் சகோதரர் அந்த ஆண்டு மீதி நோன்புகளை விட்டார். அடுத்த ஜும்ஆவில், அவரைக் குறிப்பிடாமல், நம் வார்த்தைக்காக மிம்பரிலேயே மன்னிப்புக் கேட்டோம். தொழுகை முடிந்து வெளியே வரும்போது மூன்று பேர் தனித்தனியாக நம் கையைப் பிடித்து, தாங்களும் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்று காதோடு சொன்னார்கள். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்றவர்கள்.

இவர்கள் மறைப்பதற்கு நாமே காரணம். பருத்தபோது கேலி செய்தோம். மெலிந்தபோது 'சுகர் முத்திப்போச்சா, ஏதாவது பெரிய வியாதியா?' என்று துருவினோம். பிறரை இழித்துக் கேலி செய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்கிறது. ரமளானில் பகலில் ஒருவர் மாத்திரை விழுங்குவதைக் கண்டால் காரணம் கேட்காதீர்கள். அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கணக்கு அது. இமாம்கள் ரமளானுக்கு முந்தைய ஜும்ஆவில் நோயாளிகளின் சலுகைகளைத் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடப் பேச்சு ஓர் உயிரைக் காக்கலாம்.

கட்டிங் மாஸ்டர் சகோதரர் மருத்துவரின் அனுமதியோடு மறு ஆண்டு மார்கழியில் களாவைத் தொடங்கினார். திங்கள், வியாழன் என்று வாரம் இரண்டாக நோற்று, ஒன்று விடாமல் முடித்தார். கடைசி நோன்பை நம்மோடு பள்ளிவாசலில்தான் திறந்தார். ஒரு பேரீச்சம்பழம், இரண்டு மிடறு தண்ணீர்.

யா அல்லாஹ்! நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் நாவுகளால் பிறர் புண்படாமல் எங்களைக் காப்பாயாக! ஆமீன்.